முதல் வேலை: சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால்?

கேள்வி இதுதான்: "படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறேன். எதிர்பார்க்கும் சம்பளம் என்ன என்று கேட்டால் எவ்வளவு சொல்வது? கூடப் படித்தவனுக்குக் கிடைத்ததில் பாதிதான் எனக்குச் சொல்வார்கள் போலிருக்கிறது. ஒத்துக்கொள்வதா, வேண்டாம் என்பதா?"

என் முதல் நேர்காணலிலும் இதைக் கேட்டார்கள். "நீங்களே பார்த்துக் கொடுங்க சார்" என்றேன். பணிவாகப் பேசிவிட்டோம் என்று உள்ளூரப் பெருமை வேறு. எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே தாளில் எதையோ குறித்துக்கொண்டார். சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் தெரிந்தது, அதே வேலைக்கு அதே நாளில் சேர்ந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அவர் ஒன்றும் வித்தை காட்டவில்லை, கேட்ட கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் எத்தனையோ தடவை கேட்டு வளர்ந்தவன் நான், வாய் திறக்க வேண்டிய அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பல வருடம் கழித்து மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும் வேலையும் எனக்கு வந்தது. அப்போதுதான் இந்தக் கேள்வியின் உள்விவகாரம் புரிந்தது. நீங்கள் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அந்த இடத்துக்கு இத்தனையிலிருந்து இத்தனைவரை கொடுக்கலாம் என்று மேலே ஒப்புதல் வாங்கி வைத்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் தொகை அந்த வரம்புக்குள் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குத்தான் கேள்வி. கீழே விழுந்தால் அவர்களுக்கு லாபம், நடுவில் விழுந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை, யானை விலை குதிரை விலை சொன்னால் ஒரு சின்னச் சிரிப்பு, அப்புறம் "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு பதில். நாகரிகமாகக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார் என்பதற்காகத் தேர்வான ஒருவரை நாங்கள் வேண்டாம் என்று சொன்னதாக என் அனுபவத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள்.

சரி, எவ்வளவு சொல்வது? இங்கேதான் எல்லோரும் கூடப் படித்தவனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள். அவன் சொல்லும் தொகை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வெளியே பேசப்படும் சம்பளம் எல்லாம் பேசத் தகுந்த சம்பளம்தான். குறைவாகக் கிடைத்தவர்கள் வாயே திறப்பதில்லை, அதனால் வகுப்பில் எல்லோருக்கும் நல்ல வேலை, நமக்கு மட்டும் இப்படி என்று தோன்றிவிடும். கல்லூரிகள் விளம்பரத்தில் போடும் சராசரியும் இதே ரகம். இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு 100 என்றும் ஒருவருக்கு 1,000 என்றும் வைத்துக்கொண்டால் சராசரி 145 வரும். அந்த 145 அந்த வகுப்பில் யாருடைய சம்பளமும் கிடையாது. புள்ளியியல் ஆசிரியர்கள் ஒரு பழைய ஜோக் சொல்வார்கள்: வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைப் பட்டதாரிக்கு அதிகச் சராசரி வருமானம் என்றால், புவியியலாம். ஏனென்றால் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் 1986இல் அங்கே வாங்கிய பட்டம் புவியியல்!

ஜோக்கை விடுங்கள், நிஜத்திலேயே இப்படி நடக்கிறது. அமெரிக்காவில் புதிதாகச் சட்டம் முடித்தவர்களின் தொடக்கச் சம்பளத்தை வரைபடமாகப் போட்டால் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமில் வருகிறது. பெரிய சட்ட நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் ஒரு திமிலில், மற்ற பெரும்பாலானோர் இன்னொன்றில். சராசரி நடுப்பள்ளத்தில் விழும், அந்தத் தொகையை வாங்குகிறவர்கள் மிகவும் குறைவு. உங்கள் துறையிலும் இப்படி இரண்டு திமில் இருக்கிறதா, நீங்கள் போகிற நிறுவனம் எந்தத் திமிலில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண் என்றாலும் கூடப் படித்தவன் ஒரு திமிலிலும் நீங்கள் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. நிறுவனம் எதில் லாபம் சம்பாதிக்கிறது, புதியவர் ஒருவரால் அதற்கு எவ்வளவு சீக்கிரம் பணம் வரும் என்பதெல்லாம் உங்கள் மதிப்பெண் பட்டியலில் இல்லாத சங்கதிகள்.

கண்டுபிடிப்பது எப்படி? உங்களுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் முடித்து, அதே வகை வேலையில் இருக்கிற நாலைந்து அண்ணன் அக்காக்களிடம் கேளுங்கள். "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். "இந்த மாதிரி இடத்தில் புதியவர்களுக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவுவரை கொடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தாராளமாகச் சொல்வார்கள். ஐந்து பேரிடம் கேட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி போடாதீர்கள். வேலை விளம்பரங்களையும் பாருங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும் நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் இதே திசையில் ஒரு ஆணை கொண்டுவந்தது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் தாங்களாகவே வரம்பைப் போடும் நிறுவனங்கள் உண்டு, துறையின் நாடி பிடித்துப் பார்க்க அது போதும்.

அடுத்தது உங்கள் சொந்தக் கணக்கு. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, எதிர்பாராததற்குக் கொஞ்சம். இதைக் கூட்டினால் வருவது உங்கள் தரைமட்டம். அதற்குக் கீழே போனால் மாதக் கடைசியில் கடன் வாங்கித்தான் வேலைக்கே போக வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் தொகையை நேர்காணலில் வெளியே விடாதீர்கள், அது உங்களுக்குள் இருக்கட்டும். "வாடகையே இவ்வளவு ஆகுது சார்" என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் வேலையை விட்டு உங்கள் கஷ்டத்துக்குப் போய்விடும். ஒரு நிறுவனமும் கஷ்டத்துக்குச் சம்பளம் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, அவர்கள் சொல்லும் பேக்கேஜ் வேறு, மாதம் உங்கள் கணக்கில் வந்து விழுவது வேறு. வரி, சேமநலப் பிடித்தம், காப்பீடு எல்லாம் போக மீதிதான் உங்களுடையது. அதற்குள்ளும் ஊக்கத்தொகை என்ற பெயரில் நிறுவனமும் நீங்களும் நன்றாகச் செய்தால் மட்டும் வரக்கூடிய பங்கு ஒன்று ஒளிந்திருக்கும். சேரும்போது ஒரே தடவை கொடுக்கிற பணத்தையும் ஆண்டுச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த வருடம் அது இருக்காது. அதனால் "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் அசிங்கம் எதுவும் இல்லை. நேரத்தையும் கணக்கில் எடுங்கள்: வாரம் 40 மணி நேரத்துக்கு 100 என்றால் மணிக்கு 2.5. வாரம் 55 மணி நேரத்துக்கு 120 என்றால் மணிக்கு 2.2கூட வராது. உங்கள் நண்பனின் இரண்டு மடங்குச் சம்பளத்தையும் இந்தத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், சில சமயம் காற்று இறங்கிவிடும்.

இப்போது தொகையைச் சொல்லும் விதம். 1974இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கையான பரிசோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள், அது 10 அல்லது 65இல்தான் நிற்கும்படி முன்பே ஏற்பாடு. பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10 பார்த்தவர்கள் சொன்ன பதில்களில் நடுவில் இருந்தது 25, 65 பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் முதலில் காதில் விழுந்த எண்ணை விட்டு மனசு ரொம்ப தூரம் போக மறுக்கிறது. சம்பளப் பேச்சிலும் இதேதான். துறை வரம்பு உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயங்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள், நடுவுக்குக் கொஞ்சம் மேலே. தெரியாவிட்டால் "இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற வரம்பு என்னங்க சார்?" என்று பந்தை அந்தப் பக்கம் தள்ளுங்கள். 80 முதல் 100 வரை என்று வரம்பாகச் சொல்லவே சொல்லாதீர்கள், கேட்கிறவர் காதில் 80 மட்டும்தான் விழும் (நானே அந்தக் காதுக்காரனாக இருந்திருக்கிறேன்). சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த நாலு விநாடி அமைதி தாங்காமல் "இல்லாட்டி கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்லை" என்று தானாகவே இறங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களைப் பொருளாதாரப் பேராசிரியை லிண்டா பாப்காக் ஆராய்ந்தபோது, சொன்ன சம்பளத்துக்கு மேல் கேட்டுப் பார்த்த ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 7 சதவீதம்தான். இருபது வருடத்துக்கும் பழைய கணக்கு, ஆனாலும் நேர்காணல் அறையில் எனக்கு அது பழையதாகத் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களில் புதியவர் எல்லோருக்கும் ஒரே தொகை, பேரம் கிடையாது. அங்கே சம்பளத்துக்கு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்தக் குழு, எந்த ஊர், எப்போது சேர்வது, முதல் மதிப்பீடு ஆறு மாதத்திலா ஒரு வருடத்திலா என்று கேளுங்கள், சில சமயம் அதில் நகர்ந்து கொடுப்பார்கள். சின்ன, நடுத்தர நிறுவனங்களில்தான் சம்பளத்தில் இடம் இருக்கும்.

இத்தனையும் சொன்னபிறகு, முதல் சம்பளம் ஆயுள் தண்டனையா என்றால் இல்லை. நீங்கள் 100, நண்பன் 110 என்று தொடங்குகிறீர்கள், இருவருக்கும் வருடம் 8 சதவீத உயர்வு என்று வையுங்கள். அப்படியே இருந்தால் பத்தாம் வருடம் நீங்கள் 200, அவன் 220. இடைவெளி இரட்டிப்பாகிவிட்டது, அதனால்தான் தொடக்கத்திலேயே கேட்கச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் மூன்று வருடம் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு நான்காம் வருடம் 30 சதவீதம் கூடுதலாக வேறு இடத்துக்கு மாறினால் உங்களுக்குச் சுமார் 152, அவனுக்கு 139. கணக்கு தலைகீழ். கனடாவில் பொருளாதார மந்தநிலையின்போது பட்டம் முடித்தவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் காட்டியது: தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவு, பத்து வருடத்தில் அந்த இடைவெளி கரைந்துவிட்டது, கரைந்ததற்குப் பெரிய காரணம் நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு மாறிப் போனது.

ஆகவே பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வதா என்ற உங்கள் கேள்விக்கு நான் மூன்றைத்தான் பார்ப்பேன். கையில் வருவது தரைமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, அது அந்தத் திமிலுக்குரிய வரம்பில் இருக்கிறதா, இரண்டு வருடம் கழித்து உங்களால் வேறு ஒருவரிடம் போய் "இதைச் செய்யத் தெரியும்" என்று காட்டக்கூடிய வேலையா. மூன்றுக்கும் ஆம் என்றால் நண்பனின் தொகையை மறந்துவிட்டுச் சேருங்கள், சேருமுன் ஒரு தடவை கூட்டிக் கேட்டுவிட்டு. தரைமட்டத்துக்குக் கீழே என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் யோசியுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இத்தனை வருடம் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் மேலே நான் போட்ட நான்காம் வருடக் கணக்கு உங்களுக்கு எப்போது தொடங்கும் என்பதை அந்த வரிதான் முடிவு செய்யும்.