கோரையை வெட்டினால் பிழைக்கும் குருவி

கேள்வி: ஐரோப்பாவில் அக்வாட்டிக் வார்ப்ளர் என்னும் அருகிவரும் பாட்டுக்குருவிக்காகச் சதுப்பு நிலத்தில் இயந்திரம் விட்டுப் புல் வெட்டுகிறார்களாமே! மனிதர் கை படாமல் விடுவதுதானே சதுப்புக்கு நல்லது? – வாசகி, வேதாரண்யம்.

பதில்: எல்லாச் சதுப்புக்கும் அது பொருந்தாது. குளிர்காலத்தில் நம்மூர்ப் புதர்களுக்கு வரும் பிளித் நாணல் கதிர்க்குருவியும் இதுவும் அக்ரோசெஃபாலஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் சுமார் 12 கிராம் எடையுள்ள இந்தப் பறவை நாணற்காட்டையும் புதரையும் தவிர்த்து, கணுக்கால் அளவுக்கு நீர் நிற்கும் திறந்த கோரை வெளியையே நாடுகிறது. கூடு தரையை ஒட்டியிருப்பதால் நீர் சற்று உயர்ந்தாலே குஞ்சுகள் மூழ்கிவிடும். நீர் வற்றினாலோ பூச்சிகள் குறைந்து இரை கிடைக்காது. ஆண் பறவை அந்தி நேரத்தில் பாடுவதோடு சரி, கூடு கட்டுவதிலும் இரை ஊட்டுவதிலும் அதற்குப் பங்கில்லை. தாய் தனியாகவே எல்லாக் குஞ்சுகளையும் வளர்த்தாக வேண்டும் என்பதால், சிலந்தியும் பூச்சியும் கூட்டுக்கு அருகிலேயே மலிந்திருக்கும் இடம்தான் அதற்கு வாழிடமாகிறது. இதன் தேவைகளில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அத்தகைய சதுப்புகளில் பெரும்பகுதியை 20ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி வடித்து விளைநிலமாக்கிவிட்டார்கள். போலந்தின் பியெப்ஷா பள்ளத்தாக்கில் தப்பிய சதுப்பிலோ, கால்நடைத் தீவனத்துக்காக உழவர்கள் நீண்ட பிடியுள்ள அரிவாளால் கோரையை அறுத்துவந்த வழக்கம் நின்றுபோனதும், நாணலும் வில்லோ புதரும் பரவத் தொடங்கின. ஆட்கள் இல்லாத குறையைத் தீர்க்க, பனிச்சறுக்குத் தளங்களைச் சமன்செய்யும் அகன்ற பட்டைச் சக்கர வண்டிகளை மாற்றியமைத்து, சேற்றில் புதையாமல் ஓட்டுகிறார்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகே வெட்டவேண்டும். வெட்டியதை அங்கேயே விட்டுவிட்டால் அது மெத்தைபோல் படிந்து புதிய கோரையை அமுக்கும் என்பதால், அள்ளியும் செல்லவேண்டும்.

வெட்டுவது மட்டும் போதாது. வடிகால்களை அடைத்து நீரை மீண்டும் நிற்கச் செய்யவும் வேண்டும். அவ்வாறு சீரமைத்த லித்துவேனியாவின் ஜுவிந்தாஸ் சதுப்புக்கு, 2018இல் பெலாரஸின் ஸ்வானெட்ஸ் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளைக் கொண்டுவந்து, கையால் இரையூட்டி வளர்த்து, 49ஐப் பறக்கவிட்டார்கள். இவ்வினம் சகாராவைக் கடந்து, செனகலின் ஜூஜ் தேசியப் பூங்கா போன்ற மேற்கு ஆப்பிரிக்கச் சதுப்புகளில் குளிர்காலத்தைக் கழிப்பது. வழிகாட்டத் தாய்ப்பறவை இல்லாமலே புறப்பட்ட அந்தக் குஞ்சுகளில் 11 மறு ஆண்டு ஜுவிந்தாசுக்கே திரும்பி வந்தன.