‘போல’ வந்தால் உவமையா?

அன்பிற்குரிய ஐயா,

நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ‘போல’ வந்தால் உவமை அணி, வராவிட்டால் உருவக அணி என்றொரு வாய்பாடு மாணவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ‘பீலிபெய் சாகாடும்’ குறளுக்கு அணி கேட்டேன். பலரும் உருவகம் என்று எழுதியிருந்தார்கள். பிறிதுமொழிதல் என்று திருத்தினேன். “ஏன் உருவகம் இல்லை?” என்று ஒரு மாணவி கேட்டபோது, இலக்கணத்தை மீண்டும் ஒப்பித்தேனே தவிர, விளக்க முடியவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. ‘போல’ என்ற சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கவிஞர் எதைச் சொல்லியிருக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பார்க்கப் பழக்குங்கள்.

‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்னும்போது நிலம், பொறுமை, இரண்டையும் இணைக்கும் உருபு ஆகிய மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன, இது உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற குறளில் எழுத்தும் உலகும் தனித்தனித் தொடர்களாக வருகின்றன, ‘அதுபோல’ என்பதை நாம்தான் இட்டு நிரப்புகிறோம். ஆகவே எடுத்துக்காட்டு உவமை. ‘பிறவிப் பெருங்கடல்’ என்னும்போதோ பிறவி கடலாகவே ஆகிவிடுகிறது. இது உருவகம். அக்குறளில் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டதால் ஏகதேச உருவகம் என்கிறோம்.

இப்போது உங்கள் குறளுக்கு வருவோம்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.’

மயிலிறகைவிட எடை குறைந்த பாரம் உண்டா? அதையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். வண்டி இருக்கிறது, பீலி இருக்கிறது, அச்சு இருக்கிறது. ஆனால் இது யாரைப் பற்றியது என்பதற்குப் பாட்டுக்குள் ஒரு சொல்கூட இல்லை. எளிய பகைவர்தாமே என்று பலரோடு பகைத்துக்கொள்ளும் அரசனுக்குச் சொன்னது என்பதை ‘வலியறிதல்’ என்ற அதிகாரத் தலைப்பைக் கொண்டே உணர்கிறோம். உருவகத்தில் இரண்டு பொருள்களும் பாட்டில் இருந்து ஒன்றாகின்றன. இங்கே ஒன்று பாட்டுக்குள் வரவே இல்லை. உங்கள் மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான். பிறிதுமொழிதல் என்னும் இவ்வணிக்கு ‘நுவலா நுவற்சி’, அதாவது சொல்லாமல் சொல்லுதல், என்று இன்னொரு பெயரும் உண்டு. நம் அணியிலக்கணப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. தலைப்பைச் சொல்லாமல் இந்தக் குறளை வகுப்பில் கொடுத்து, யாருக்குச் சொன்ன அறிவுரை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வாய்பாடு மறுபக்கத்திலும் உடையும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் பறக்கும் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று வருகிறது. ‘போல்’ இருக்கிறது, ஆனாலும் இது உவமை அணி ஆகாது. கொடி காற்றில் இயல்பாக அசைகிறது. ‘வராதீர்கள்’ என்ற குறிப்பை அதன்மேல் ஏற்றுவது இளங்கோவடிகளின் மனம். தற்குறிப்பேற்றம் என்ற பெயரைப் பிரித்துச் சொன்னாலே மாணவர்களுக்கு இது விளங்கிவிடும்.

பாடத்திட்டத்துக்குச் சற்று வெளியே போனாலும், ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாடலை ஒரு நாள் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அவளுடைய தோழியர் காதில் விழும்படி பேசுகிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசிய ஊரன், அதாவது தலைவன், தன் வீட்டில் மகனின் தாயான தலைவிக்கு முன்னால் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’ நடந்துகொள்கிறான் என்கிறாள். கண்ணாடிக்கு முன் நிற்பவர் கையைத் தூக்கினால் உள்ளிருக்கும் உருவமும் தூக்கும். எவ்வளவு கூர்மையான ஏளனம்! இது வெளிப்படையான உவமை.

ஆனால் பாடலின் தொடக்கத்தில், ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று அவனுடைய ஊரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். வயலோர மாமரத்தின் பழம் முற்றித் தானே உதிர்கிறது. வாளைமீன் எட்டிப் பறிக்கவில்லை, தன்னிடம் வந்து விழுந்ததைக் கவ்வுகிறது. நான் அவனை வளைத்துப் பிடிக்கவில்லை, அவனாகத்தான் வந்தான் என்ற அவளது தன்விளக்கம் முழுவதும் அந்த மீனின் வாயில் இருக்கிறது. பிறிதுமொழிதலில் வண்டியைப் பார்த்தவுடனே வேறு எதையோ சொல்கிறார் என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாதபடி, மருதநிலத்தின் ஒரு காட்சியாகவே அது கடந்துபோகிறது. தொல்காப்பியர் இதை உள்ளுறை உவமம் என்கிறார்.

முதலில் பரத்தை யாரைக் கேலி செய்கிறாள் என்று கேளுங்கள். ஆடிப்பாவையை அவர்களே காட்டிவிடுவார்கள். அடுத்து, ஊரைச் சொல்ல வந்தவள் மீனை ஏன் சொன்னாள் என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் காத்திருங்கள்.

அன்புடன்.