29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூளை வளர்ச்சி சரியாக இருக்குமா?

கேட்டிருப்பது இதுதான்: 29 வாரத்தில், ஒரு கிலோ சொச்சம் எடையில் குழந்தை பிறந்திருக்கிறது. இன்குபேட்டரில் இருக்கிறது. தலை ஸ்கேனில் 'கிரேடு ஒன்று ரத்தக்கசிவு' என்று எழுதியிருக்கிறார்கள். பின்னால் மூளை வளர்ச்சி சரியாக இருக்குமா, அதற்கு ஏதாவது டானிக் கொடுக்கலாமா? பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மா இந்த நேரத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்து பால் பீய்ச்சிக்கொண்டு இருப்பாள்.

நான் டாக்டர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். என் மகளும் 29 வாரத்தில்தான் பிறந்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 'டாக்டரைக் கேட்காமல் இங்கே வந்து கேட்பானேன்' என்று கீழே எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: நானும் டாக்டர்களைத்தான் கேட்டேன். கேட்டுக் கேட்டு அவர்கள் சலித்துப்போகிற அளவுக்குக் கேட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

'சரியாக இருக்கும்' என்றோ 'இருக்காது' என்றோ இப்போதே அடித்துச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். பிரான்சில் 1997-இல், 33 வாரம் முடிவதற்கு முன் பிறந்த குழந்தைகளை ஐந்து வயது வரை விடாமல் பார்த்தார்கள். எபிபேஜ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். கடுமையான குறைபாடு 5 சதவீதம், நடுத்தரம் 9 சதவீதம், லேசானது 25 சதவீதம். மீதிப் பேருக்கு, அதாவது பத்தில் ஆறு பேருக்கு, ஐந்து வயதில் குறைபாடு எதுவும் தெரியவில்லை. 28 வாரமும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில்தான் பாதிப்பு அதிகம். ஐ.க்யூ. தேர்விலும் குறைமாதக்காரர்கள் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளி குறைவாக எடுக்கிறார்கள் என்று வேறு பல ஆய்வுகள் சொல்கின்றன. சராசரியை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஜாதகம் எழுதிவிட முடியாது.

ரத்தக்கசிவு என்ற வார்த்தையைப் பார்த்ததும் உங்களுக்குக் கை கால் ஓடியிருக்காது. எங்களுக்கும் அப்படித்தான். எங்கள் டாக்டர் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு நடுவில் நீர் இருக்கிற அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் இந்த வயதில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கொத்தாக இருக்கும், ரத்த ஓட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கசிந்துவிடும். பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாளுக்குள் நடப்பது. உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். கிரேடு ஒன்று என்றால் அந்த ஓரத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். மூன்று, நான்கு என்றால்தான் பயம் ஜாஸ்தி. ஆனால் ஒரு ஸ்கேனோடு விடக் கூடாது, மாதம் நிறைகிற சமயத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். நரம்பு இழைகள் ஓடுகிற வெள்ளைப் பகுதியில் சேதம் இருந்தால் அது பல வாரம் கழித்துத்தான் தெரியும். மூளையின் மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் விழுகின்றன. 35 வாரத்தில்கூட நிறைமாத மூளையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்குமாம். வயிற்றுக்குள் நடக்க வேண்டிய அத்தனை வேலையும் வெளிச்சத்திலும் சத்தத்திலும் ஊசி குத்தலிலும் நடக்கிறது. அதனால்தான் இந்தக் குழந்தைகளைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

இந்நேரம் உங்கள் வீட்டுக்கும் ஆள் வந்திருக்கும். 'ஏழாம் மாசம் பொறந்தா தங்கும், எட்டாம் மாசந்தான் தங்காது' என்று எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா வந்து சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் சுத்தப் பொய். ஒவ்வொரு வாரம் கூடுதலாக உள்ளே இருப்பதும் லாபம்தான். இன்னொரு நாத்தனார் பப்பாளி என்றார். ஸ்கூட்டியில் போனதால் என்றார் வேறொருவர். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, இனி உள்ளே வைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று எடுத்தார்கள். பப்பாளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் மனைவியிடம் யாராவது இப்படிப் பேசினால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். இதைச் சத்தியமாகக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரசவத்துக்கு முன்னால் எனக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், குழந்தையின் நுரையீரல் பழுக்க. 1972-இல் நியூசிலாந்தில் இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வைத்தியம் அது. முதலில் ஆட்டுக்குட்டிகளில் பார்த்தார்களாம். மூளையில் ரத்தக்கசிவையும் அது குறைக்கும். அப்புறம் மெக்னீசியம். அது உள்ளே போகும்போது உடம்பு முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். எனக்கு வலிப்பு வராமல் இருக்கத்தான் போட்டார்கள், ஆனால் குழந்தைக்கு மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத குறை) வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உங்கள் மனைவிக்கு இவை போட்டார்களா என்று கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் குழந்தையைப் பார்க்கிற டாக்டர் கேட்பார்.

குழந்தை ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் நாட்களில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கங்காரு பராமரிப்பு. குழந்தைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, தவளை மாதிரி கால்களை மடக்கி, என் மார்புக்கு நடுவில் நெட்டுக்குத்தாக வைத்து வேட்டித்துணியால் சுற்றிக் கட்டினார்கள். மூக்கில் போட்டிருந்த பால் குழாய் என் தாலிச்சரடில் சிக்கிக்கொள்ளும் என்று நர்ஸ் அக்கா தாலியைப் பின்பக்கம் தள்ளிவிட்டார். என் மகள் திடீரென்று மூச்சை மறந்துவிடுவாள். உடனே மானிட்டர் கத்தும், நர்ஸ் வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், மறுபடி மூச்சு வரும். மேலே கட்டியிருக்கும்போது அந்தக் கத்தல் குறைந்தது. என் வீட்டுக்காரரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஆம்பளை பண்ற வேலையா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஆரம்பித்தது இது. அப்படி வளர்ந்தவர்களை இருபது வயதில் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, அதீதத் துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. 2021-இல் இந்தியாவும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், பிறந்த உடனேயே இப்படிக் கட்டியதில் இறப்பு கால்வாசி குறைந்தது. செலவு ஒரு வேட்டித்துணி.

எனக்கு ஆறாத கோபம் டிஸ்சார்ஜ் சீட்டின் மேல்தான். நாலு பக்கம் ஆங்கிலம், கடைசிப் பக்கம் கடைசி வரியில் கண் பரிசோதனை என்று ஒரு வரி. யாரும் வாயால் சொல்லவில்லை. அதே நர்ஸ் அக்கா படியிறங்கி வந்து சொன்னதால் தப்பித்தோம். 34 வாரத்துக்கு முன்னால் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். ரொம்பச் சின்னதுகளுக்கு அதற்கும் முன்னால். விட்டால் பார்வையே போய்விடலாம், நேரத்தில் பிடித்தால் லேசரில் காப்பாற்றலாம். என் மகளுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. காது பரிசோதனையும் அப்படித்தான், கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

கண் பார்க்கப் புதுச்சேரிப் பக்கம் தவளக்குப்பம் போய்விட்டுச் சாயந்திரம் பஸ்ஸில் திரும்புவோம். கிருமாம்பாக்கம் வரை ஒன்றும் இல்லை. புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை வந்தால் கடலூரிலிருந்து குடிக்க வந்த கூட்டம் மொத்தமும் ஏறும். பாட்டுச் சத்தம் வேறு. கண்ணில் சொட்டு மருந்து விட்ட பச்சைக்குழந்தையோடு நான் நின்றுகொண்டு வருவேன், மகளிர் இருக்கையில் ஒருத்தன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வருவான். கண்டக்டர் கண்டுகொள்ள மாட்டார், அவருக்கு டிக்கெட் காசு வந்தால் போதும். எல்லைக்கு இந்தப் பக்கம் மது விலை ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்திருக்கிற இரண்டு அரசாங்கமும் பெண்ணையாற்றுப் பாலம் வரை அந்த பஸ்ஸில் ஒரு நாள் நின்றுகொண்டு வந்து பார்க்க வேண்டும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வயதுக் கணக்கு உங்களைக் குழப்பும். இரண்டு வயது வரை, சீக்கிரம் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். 29 வாரம் என்றால் 11 வாரம், கிட்டத்தட்ட இரண்டரை மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே என்று பொருமாதீர்கள். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். சீட்டில் போட்ட மறுபரிசோதனை எதையும் விடாதீர்கள், குழந்தை நன்றாகச் சிரிக்கிறது என்பதற்காகவும் விடாதீர்கள். கால் விறைப்பு, ஒரு கையை மட்டும் உபயோகிப்பது, தலைச்சுற்றளவு ஏறாமல் நிற்பது எல்லாம் வீட்டில் நம் கண்ணுக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த டி.இ.ஐ.சி. மையத்தில் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிற மாவட்ட மையம்) இதையெல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. என் மகள் காலாகாலத்தில் நடந்தாள், வாயாடினாள், மூன்று வயதில் டாக்டரே 'இனி வர வேண்டாம்' என்றார். இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வந்ததும் ஆரம்பித்தது. கதைப் புத்தகத்தைக் கடகடவென்று படிப்பாள். கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். டைரியில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு', அடுத்த வாரம் 'மிகவும் கவனக்குறைவு'. வீட்டில் சொல்லித் தருவதில்லையா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உளவியலாளரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது: ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் மூன்றாவது அவள் மனதில் நிற்பதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதானாம், கணக்கும் கையெழுத்தும் உட்பட. இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தோம், அதிலிருந்து எண்கள் வரிசை மாறுவதில்லை.

'என் மாமா பையனும் ஏழு மாசம்தான், இப்போது அமெரிக்காவில் இன்ஜினியர்' என்று எழுதப் போகிறவர்களுக்கு: சந்தோஷம். என் மகளும் ஆகலாம். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கும் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

டானிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் எழுதுகிற இரும்புச்சத்துச் சொட்டு, வைட்டமின் டி சொட்டு, தாய்ப்பால். உங்கள் மனைவிக்கு இப்போது பால் குறைவாக வந்தால் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி பற்றிக் கேளுங்கள். மூளைக்கு என்று டப்பாவில் விற்கிற பவுடர் எதுவும் வேண்டாம். எங்கள் தெருவில் கழுதையோடு வந்து ஒரு சங்கு பாலுக்குக் கொள்ளை விலை சொல்வார்கள், திக்குவாய் வராது, மூளை வளரும் என்று. என் மாமியார் வாங்கியே விட்டார். 'அத்தை, நீங்களே குடிச்சிடுங்க' என்று சொல்லிவிட்டேன். குடித்தார்.