தீப்பட்ட காது: தஞ்சாவூர் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரின் கேள்வி பதில்

மன்னார்குடித் தாய் ஒருவர்: டாக்டர், கீற்றுக்கொட்டகை எரிந்ததில் என் மகனின் வலது காது வெந்துவிட்டது. மூன்று வாரமாகிறது. புண் ஆறிவந்த வேளையில், நேற்று முதல் காது வீங்கி வலிக்கிறது என்று அழுகிறான். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காதின் குருத்தெலும்புக்குத் தனி இரத்த ஓட்டம் கிடையாது. அதைப் போர்த்திய மெல்லிய சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. சவ்வு வெந்தால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் அதில் குடியேறும். பெரும்பாலும் 3 முதல் 5 வாரத்துக்குள், வீட்டார் நிம்மதியாக மூச்சுவிடும் நேரத்தில்தான் இது வருகிறது. காது சிவந்து, தலையைவிட்டு விலகி நிற்கும். சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றி, செத்த குருத்தெலும்பை எடுத்துவிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மடல் கரைந்து சுருண்டுபோகும்.

தலையணை அந்தக் காதில் படவே கூடாது. மறுபக்கம் படுக்க வையுங்கள். தூக்கத்தில் புரண்டாலும் அழுந்தாதபடி, நடவுப் பெண்கள் தலையில் வைக்கும் சும்மாடுபோல மெத்தென்ற வளையம் ஒன்றை வைத்து, காது நடுப்பள்ளத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறு கவனம் பின்னால் பெரிய அறுவையைத் தவிர்க்கலாம்.

திருவாரூர் ஆசிரியர்: என் காதின் மேல் விளிம்பில் ஒரு துண்டு போய்விட்டது. கண்ணாடி நழுவுகிறது.

பதில்: இழப்பு சிறிதென்றால், மீந்த விளிம்பைத் தோலும் குருத்தெலும்புமாக நகர்த்தி இணைக்கலாம். மும்பை மருத்துவர் அந்தியாவும் புக் என்பவரும் 1967இல் எழுதிய முறை. காது சற்றுச் சிறுக்கும். ஆனால் கண்ணாடி நிற்கும்.

கும்பகோணம் தந்தை: ஒன்பது வயது மகளுக்கு ஒரு காது முழுவதும் போய்விட்டது. புதிதாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும் ஐயா. விலா எலும்பின் முனைக் குருத்தெலும்பைச் செதுக்கிக் காதின் சட்டம் செய்வோம். தழும்பேறிய தோல் அதன்மேல் நெகிழ்ந்து படியாது. அதனால் காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பகுதியில் தோலுக்கடியில் உள்ள சவ்வை இரத்தக்குழாயோடு திருப்பிப் போர்த்தி, மேலே தோல் ஒட்டுகிறோம். அந்த இரத்தக்குழாயும் தீயில் போயிருந்தால், எலும்பில் பதித்த டைட்டானியம் திருகில் சிலிக்கோன் காது பொருத்தலாம். தழும்பு இளகட்டும், ஓராண்டாவது பொறுங்கள். அதற்குள் விலாவும் வளரும். மடல் போனாலும் கேட்கும் உறுப்பு உள்ளே இருக்கிறது. காதுத் துளை சுருங்காமல் மட்டும் பார்த்துவாருங்கள்.

அதே தந்தை: ஜிமிக்கி போடலாமா என்று கேட்கிறாள்.

பதில்: செதுக்கிய சட்டத்தைத் துளைக்கக் கூடாது. தோடு போடும் கீழ்ச்சதை மிஞ்சியிருந்து, தழும்பு தடித்து வளராத உடம்பென்றால், அங்கே மட்டும் அறுவை செய்தவரே குத்திவிடட்டும். கண்ணே, அதுவரை மறுகாதில் போட்டுக்கொள்.