2021 மே 20 ஜூம் கூட்டத்தில் தந்த கட்டட அனுமதி செல்லுமா?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜூம் கூட்டத்தில் கிடைத்த அனுமதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) திட்டக் குழுவே ஜூமில் வாக்களித்து அனுமதி தந்திருந்தால், இங்கிலாந்தில் அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆனால் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதி நிற்கும்.

கொரோனாவுக்காக 2020 ஏப்ரலில் வந்த இணையவழிக் கூட்ட விதிகள் 2021 மே 7-க்கு முன் நடந்த கூட்டங்களுக்கு மட்டுமே. அதன்பின் 1972 உள்ளாட்சிச் சட்டப்படி உறுப்பினர்கள் ஓரிடத்தில் நேரில் கூட வேண்டும். ஏப்ரல் 28 அன்று உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். மே 7-க்குப் பிறகு சில கவுன்சில்கள் குழுவை ஜூமில் பேச மட்டும் வைத்து, முடிவை அதிகாரியிடம் ஒப்படைத்தன. அதே 1972 சட்டத்தின் 101-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உங்கள் கவுன்சிலின் கூட்டமும் அப்படி இருக்கலாம்.

கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். "குழு தீர்மானித்தது" என்றிருக்கிறதா, "அதிகாரிக்குப் பரிந்துரைத்தது" என்றிருக்கிறதா? இரண்டாவது என்றால், அந்த அதிகாரிக்கு அதிகாரம் தந்த ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். கட்டட அனுமதியை எதிர்த்து வழக்குப் போட ஆறு வாரம்தான். அனுமதிக் கடிதமும் மே 20 தேதியிட்டதென்றால் ஜூலை 1-க்குள் மனு போயாக வேண்டும். இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். வேல்ஸில் சட்டம் வேறு, அங்கே இணையவழிக் கூட்டம் செல்லும்.