ரிவெட்டுக்கு முன்பா, பின்பா?

அன்புள்ள ஐயா,

ஃப்ளோரிடாவில் கடற்கரையிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிறேன். கராஜில் வேன்ஸ் ஆர்வி-7 என்ற, பாகங்களாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானத்தைக் கட்டி வருகிறேன். வால் பகுதித் தகடுகளில் துளையிட்டாயிற்று. அரிப்பைத் தடுக்கும் பிரைமரை இப்போதே அடிக்க வேண்டுமா? முழுவதும் கட்டிவிட்டுக் கடைசியில் அடித்தால் போதாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிப்பதற்கு முன்பே பிரைமரை அடித்துவிடுங்கள். தகடும் அதை உள்ளிருந்து தாங்கும் சட்டமான ரிப்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில்தான் ஈரம் புகுந்து தங்கும். ரிவெட் அடித்து மூடிவிட்டால் எந்தப் பிரைமரும் அங்கே போய்ச் சேராது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. உப்புக் காற்றில் பல ஆண்டு ஓடிய விமானம். தகடுகள் படிந்த இணைப்பில் ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், அரிப்பு ஏறி, ரிவெட் துளைகளில் விரிசல் ஓடியிருந்தது. உங்கள் விமானத்தில் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை, அழுத்தத்தில் கூரை பிய்யும் அந்த ஆபத்து வராது. ஆனால் அரிப்பு பிடிக்கும் இடம் அதே இடுக்குதான்.

துளை விளிம்பின் பிசிறை எடுத்து, ரிவெட் தலை பதிந்து உட்காரத் துளையைச் சுற்றி டிம்பிள் என்ற குழி போட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, அப்புறம் பிரைமர். கழுவிய தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பிரைமரே இல்லாமல் கட்டிப் பல ஆண்டு பறப்பவர்களும் உண்டு. காரணம், மேல்தகடு 2024-டி3 ஆல்கிளாட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. 2024 கலவைக்கு வலிமை தருவது செம்பு, எளிதில் அரிக்க விடுவதும் அதே செம்பு. அதனால் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய ஏடாக ஒட்டியிருப்பார்கள். கீறல் விழுந்தால் அந்த ஏடு முதலில் தான் அரிபட்டு உள்ளிருப்பதைக் காக்கும். ஆகவே சுத்தம் செய்கிறேன் என்று ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் அழுத்தித் தேய்த்து அதைக் கரைத்துவிடாதீர்கள். வறண்ட ஊராக இருந்தால் அந்த ஏடே போதும் என்பேன். மூன்று மைலில் கடல் இருக்கும்போது சொல்ல மாட்டேன். எடை கூடாமல் மெல்லிதாக ஒரு கோட், தகடு படியும் எல்லா இடத்திலும்.

தகட்டின் மேல் ஒட்டி வந்த நீலப் பிளாஸ்டிக்கை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், அடியில் ஈரம் தங்கும். ஏசிஎஃப்-50 போன்ற, அரிப்பைத் தடுக்கும் எண்ணெயை உள்ளே தெளிப்பதாக இருந்தால் வெளிப்பெயின்ட் முடிந்த பிறகுதான். முன்னால் தெளித்தால் ரிவெட் ஓரமாகக் கசிந்து வெளியே வரும், அங்கே பெயின்ட் ஒட்டாது.

குரோமேட் கலந்த பிரைமர் வாங்கினால் அது புற்றுநோய் தரக்கூடியது. சரியான ரெஸ்பிரேட்டர் (மூச்சுக்காற்றை வடிகட்டும் முகமூடி) இல்லாமல் அடிக்கவே அடிக்காதீர்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியது என்றால், தயவுசெய்து அந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.