சங்கிலியை அடகு வைத்துச் சரக்கு எடுக்கலாமா?

கேள்வி: நான் கொளத்தூரில் வசிக்கிறேன். ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியில் சேர்ந்து, வீடு வீடாகப் போய் கிரீம், பவுடர், லிப்ஸ்டிக், ஷாம்பு விற்கிறேன். மாதம் சுமார் 9,000 ரூபாய்க்கு விற்பனை ஆகிறது. அச்சிட்ட விலையில் 20 சதவீதம் எனக்குக் கழிவு. இந்த மாதம் ஒரே தடவையாக 30,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் அடுத்த நிலைக்குப் போகலாம், கழிவு 23 சதவீதம் ஆகும் என்கிறார் கம்பெனியில் எனக்கு மேல் நிலையில் இருக்கும் என் லீடர். கையில் பணமில்லை என்றதற்குச் சங்கிலியை அடகு வைக்கச் சொல்கிறார். இதற்கிடையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி லைசென்ஸ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். 3,500 ரூபாய் கொடுத்தால் ஜி.எஸ்.டி., லைசென்ஸ் எல்லாம் எடுத்துத் தருவதாக எங்கள் தெருவில் ஒருவர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா செய்யும் சோப்பையும் குளியல் பொடியையும் சேர்த்து விற்கலாமா? என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். 3,500 ரூபாயையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். இந்த இரண்டையும் செய்யாமல் இருந்தாலே உங்கள் தொழிலுக்கு வந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலில் லீடர் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். 20 சதவீதக் கழிவில் 30,000 ரூபாய் கட்டினால் அச்சிட்ட விலையில் 37,500 ரூபாய்க்குச் சரக்கு வரும். நீங்கள் மாதம் விற்பது 9,000. ஆக, இந்தச் சரக்கு தீரவே நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். அதுவரை புதிதாக வாங்க வேண்டிய தேவை இல்லை என்பதால் 23 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சரி, அதற்குப் பிறகாவது? 9,000 ரூபாயில் கூடுதல் 3 சதவீதம் என்பது மாதம் 270 ரூபாய். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 30,000 ரூபாய்க்கு மாத வட்டி 600 ரூபாய். 270 ரூபாய் சம்பாதிக்க 600 ரூபாய் வட்டி கட்டச் சொல்கிறார் உங்கள் லீடர். பல கம்பெனிகளில் அந்த நிலையையும் மாதாமாதம் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அதே அளவு எடுக்காவிட்டால் பழைய இடத்துக்கே இறங்கிவிடுவீர்கள்.

பிறகு அவர் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்? நீங்கள் 30,000 கட்டிய அந்த நிமிடமே அவர் கணக்கில் பாயிண்ட் ஏறிவிடும். சரக்கு கொளத்தூரில் யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்ததா, உங்கள் பீரோவின் மேல்தட்டில் கிடக்கிறதா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் அவரிடமிருந்து போன் அதிகமாக வருகிறதா என்று கவனியுங்கள். இப்படி வீட்டில் சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டு, வட்டியும் கட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் யாரும் விற்கத் தெரியாதவர்கள் இல்லை. வேறொருவருடைய இலக்குக்காக வாங்கியவர்கள்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிடு முறைக்கும், புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் பணச் சுழற்சித் திட்டத்துக்கும் அதில் தடை. பணச் சுழற்சிக்கு 1978லேயே தனித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கம்பெனி உங்களோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அந்த ஒப்பந்தத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? செல்போன் திரையில் ஆங்கிலத்தில் ஓடிய நான்கு பக்கத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைத் தொட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். விதிகளை எழுதியவர்கள் டெல்லியில் எழுதிவிட்டார்கள். கண்காணிக்க வேண்டிய பொறுப்பு மாநிலங்களுக்கும் உண்டு. ஆனால் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு பெண்ணுக்கு, உன் உரிமை இது, உன் கடமை இது என்று தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரம்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை. விதி மீறினால் தண்டனை உண்டு என்று மட்டும் தெளிவாக எழுதத் தெரிந்திருக்கிறது.

அடுத்து அந்த 3,500 ரூபாய் மனிதர். இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உங்கள் ஆண்டு விற்பனை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நீங்கள் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்? தேவையில்லாமல் பதிவு செய்துவிட்டால், ஒரு ரூபாய்க்குக்கூட விற்காத காலத்துக்கும் 'நில்' என்று கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பதிவு எடுத்துக் கொடுத்தவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் உங்களிடம் கேட்பது ஆதார், பான், வீட்டு மின்கட்டண ரசீது, ஒரு புகைப்படம், கடைசியாக செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. இந்த ஐந்தும் கையில் இருந்தால் உங்கள் பெயரில் ஒரு நிறுவனத்தையே காகிதத்தில் உருவாக்கிப் போலி பில் போடலாம். கூலி வேலை செய்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அவர்களில் பலர் கடன் வாங்கித் தருகிறேன் என்ற பேச்சை நம்பி இதே காகிதங்களைக் கொடுத்தவர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. உங்கள் பான் எண்ணில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நீங்கள் கேட்காத பதிவு இருந்தால் உடனே போலீசிலும் வணிகவரி அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

அவர் சொல்லும் 'லைசென்ஸ்' எது? மாநகராட்சியின் தொழில் உரிமம் கடை, கிடங்கு என்று ஓர் இடத்துக்குக் கொடுப்பது. பையோடு நடப்பவருக்குக் கொடுப்பது இல்லை. சிறுதொழில் சான்றிதழ் என்று ஒன்றைக் காட்டுவார். அது உத்யம் பதிவு. அரசு இணையதளத்தில் ஆதாரையும் பானையும் வைத்து நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். அரசு முத்திரை போலவே ஒரு படத்தைப் போட்டுப் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே திறவுங்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கு வங்கிகள் கொடுக்கும் முத்ரா கடனுக்கு 50,000 ரூபாய் வரை அடமானம் வேண்டாம் என்கிறது அரசு. ஆனால் வங்கிக் கிளைக்குப் போனால் ஜி.எஸ்.டி. எங்கே, கடை வாடகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்டு அலைக்கழிக்கிறார்கள். அப்படி அலைந்து சலித்தவர்கள்தான் இந்தத் தரகர்களிடம் போய் விழுகிறார்கள். சிறு வியாபாரிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டு நிமிடம் பொறுமையாகச் சொன்னால் பாதித் தரகர்களுக்கு வேலை இருக்காது.

இனி அந்த அக்காவின் சோப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

அழகுசாதனப் பொருளை வாங்கி விற்பதற்கு, மருந்துக் கடைக்கு வேண்டியது போன்ற உரிமம் தேவையில்லை. ஆனால் தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940இல் வந்தது. அழகுசாதனத்துக்கென்றே 2020இல் தனி விதிகள் வந்தன. குளியல் சோப்பும் இதில் அடங்கும். வீட்டு அடுப்படியில் செய்தது, ரசாயனம் இல்லாதது, பாட்டி சொன்ன பக்குவம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. விற்பனைக்காகச் செய்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதன் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மொத்தக் கடையில் பெயரில்லாத சோப்புக் கட்டியை வாங்கி, உங்கள் பெயரில் லேபிள் அடித்து ஒட்டினாலும் இதே சிக்கல்தான். சட்டத்தில் 'தயாரிப்பு' என்ற சொல்லுக்குள் லேபிள் ஒட்டுவதும் வருகிறது. 'பரு குணமாகும்', 'தேமல் மறையும்' என்று எழுதிவிட்டால் அது அழகுசாதனம் என்ற நிலையையும் தாண்டி மருந்தாகிவிடும். அது வேறு உரிமம், வேறு விவகாரம். அக்காவின் சோப்பு நல்ல சோப்பாகவே இருக்கலாம். ஆனால் உரிமம் இல்லாமல் தயாரித்த பொருளை விற்பதும் குற்றம். ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் தடிப்பு வந்தால் முதலில் நிற்கப்போவது நீங்கள். பொடியை யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டால் சொல்ல வேண்டிய கடமையும் சட்டப்படி உங்களுக்கு உண்டு. அக்கா தனக்கும் உறவுக்காரர்களுக்கும் செய்துகொள்ளட்டும். விற்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரிடம் தன் பக்குவத்தைக் கொடுத்துச் செய்து வாங்கட்டும். அந்த உரிம எண்ணோடு வரும் சோப்பை நீங்கள் தாராளமாக விற்கலாம். கம்பெனிச் சரக்குக்கும் பில்லை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

இன்னொரு ஆளும் உங்களைத் தேடி வருவார். முகம் வெளுக்கும் கிரீம், பாதிக்குப் பாதி லாபம், ஒரே வாரத்தில் பலன் தெரியும் என்பார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். இந்த வகை டப்பாக்களில் பளபளப்பான ஒரு பெண் முகம் இருக்கும், கீழே புரியாத மொழியில் இரண்டு வரி இருக்கும், வேறொன்றும் இருக்காது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட வெளுக்கும் கிரீம்களைப் பூசி வந்ததைக் கண்டுபிடித்தார்கள். காரணம் பாதரசம். வேறு சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். பூசும்வரை முகம் மின்னும், நிறுத்தியதும் சிவந்து எரியும். அப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. உங்களிடம் வாங்குபவர்கள் உங்கள் தெருப் பெண்கள், அவர்களுடைய கல்லூரி போகும் மகள்கள். அவர்கள் முகத்தில் விஷத்தைப் பூசி வரும் லாபம் வேண்டாம்.

காவலாளி 'லைசென்ஸ்' என்று கேட்டது தவறு, தடுத்தது சரி. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே நேரமோ சம்மதமோ பெறாமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்கின்றன அதே 2021 விதிகள். கம்பெனியிடம் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் குடியிருப்பில் ஒரே ஒருவரைப் பழக்கிக்கொண்டு, அவர் அழைத்தால் போங்கள். பதினோரு மணிக்குச் சமையல் முடிந்திருக்கும், அப்போது போகலாம். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆட்டோவுக்குப் பணத்தை இறைக்க வேண்டாம். மே மாத வெயிலில் லிப்ஸ்டிக் உருகும். நடுப்பகலில் அதை எடுத்துக்கொண்டு சுற்றாமல் மாலையில் கொண்டுபோங்கள். மாதிரிக்குக் காட்டும் லிப்ஸ்டிக்கை உதட்டில் பூசிப் பார்க்க விடாதீர்கள்; பஞ்சுக் குச்சியால் எடுத்து அவர்கள் கையில் தடவிக் காட்டுங்கள்.

கடன் கொடுக்காமல் தெருவில் வியாபாரம் நடக்காது, எனக்கும் தெரியும். ஒரு பொருளுக்கு மட்டும் கொடுங்கள். அந்தக் கடன் அடையும்வரை இரண்டாவது பொருள் இல்லை. நோட்டில் தேதி போட்டு அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சம்பளம் வரும் முதல் வாரத்தில் வசூலுக்குப் போங்கள். இருபதாம் தேதிக்கு மேல் போனால் பணம் வருவதும் சிரமம், உறவும் கசக்கும்.

லீடருக்கு என்ன சொல்வது? "கேட்டவர்களுக்கு மட்டும்தான் எடுப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். ஐடியை முடக்கிவிடுவேன் என்று அவர் மிரட்டினால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, கம்பெனியின் புகார் அலுவலருக்கு அனுப்புங்கள். அப்படி ஓர் அலுவலர் ஒவ்வொரு கம்பெனியிலும் இருந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே எடுத்த சரக்கு வீட்டில் இருந்தால், கடைசித் தேதி நெருங்கியதை முன்னால் அடுக்கி, ஒப்பந்தத்தில் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று கம்பெனியிடமே எழுதிக் கேளுங்கள். லீடர் வழியாகக் கேட்க வேண்டாம்.